ஹனோவர்காரருக்கு நான் சொன்ன வழி

ரெட்டல்பாக்,
ஏப்ரல் 26, சனிக்கிழமை.

என் ஞானத்தாயும் அப்பாவின் மூத்த சகோதரியுமான ஓட்டிலி அத்தை அவர்களுக்கு, உங்கள் ஞானமகள் வால்புர்கா பணிவோடு எழுதிக்கொண்டது.

முதலில் என் கண்ணில் பட்டது அந்த ஆளின் கட்டைவிரல்தான். ரொட்டியைக் கையில் வாங்கியவர், பைக்கத்தியால் ஒரு துண்டு வெட்டுவதற்கு முன்னால் அதைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் கட்டைவிரலால் என்னவோ இழுத்தார். மாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், அம்மா உங்களுக்கு எழுதிய கடிதத்தில் மற்றதெல்லாம் இருந்திருக்கும், இது இருந்திருக்காது.

மரியாதையை மறக்கவில்லை. இங்கே அப்பா, அம்மா, இரண்டு பசுக்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஈஸ்டருக்கு நீங்கள் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைக்கு நன்றி. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். ஆனாலும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. "ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் படியில் ஏறி நின்று, வாயைத் திறந்து, ஊரிடம் மன்னிப்புக் கேள்" என்று எழுதி, "வாயைத் திறந்து" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன், அத்தை. ஒரு கோடு கூடப் போடாமல் எழுதுகிறேன், கேட்க மாட்டேன். கேட்காவிட்டால் திங்கள்கிழமையிலிருந்து பேக்கரியில் எனக்குக் கவுண்டர் கிடையாது, பின்னால் அடுப்பறையில்தான் வேலை, கவுண்டருக்குத் தன் அக்கா மகள் வருவாள் என்று பேக்கரி முதலாளி அஃப்ரா அம்மா சொல்லிவிட்டார். அந்தக் கவுண்டர் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் மனிதர்களுக்கும் நடுவில் ஒரு பலகை இருந்தால் எனக்குப் பேச்சு வருகிறது. "ரெண்டு பிரெட்ஸலா? இன்னைக்குச் சுட்டதுதான்" என்று நடுங்காமல் சொல்லிவிடுகிறேன். பலகை இல்லாத இடத்தில் எனக்கு வாய் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். "பள்ளியிலிருந்து ரயில் நிலையத்துக்கு எப்படிச் செல்ல வேண்டும்? நல்ல ஜெர்மனில் கூறு" என்று வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தினார். வழி எனக்குத் தெரியும், சொல்லத்தான் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதனால் நான் பையை எடுத்துக்கொண்டு வகுப்பைவிட்டு இறங்கி, வழி நெடுக நடந்து, ரயில் நிலையத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பதில் சரிதானே? திரும்பிப் போகவே இல்லை.

அன்றிலிருந்து இந்த ஊரில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் சொல்லுகிற ஒரே புத்திமதி, வாயைத் திற. நீங்கள் வருகிறபோதெல்லாம், "வாயில என்னடி கொழுக்கட்டையா வெச்சிருக்கே?" என்பீர்கள். சில நாள் கொழுக்கட்டை இருக்கத்தான் செய்தது, சாப்பாட்டு வேளையில் வந்து கேட்டால் என்ன செய்வது. அஃப்ரா அம்மா என்னைக் கவுண்டரில் நிறுத்திய அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இதோ பாரு புர்கி, கோடை விருந்தாளிங்க வந்து வழி கேட்பாங்க. அவங்க வானொலியில பேசற மாதிரி நல்ல ஜெர்மன்ல கேட்பாங்க, நீயும் அதே மாதிரிதான் சொல்லணும். விரலைக் காட்டிட்டு நிக்கக் கூடாது. முகத்தைப் பாத்து, முழுசா, கதவு வரைக்கும் சொல்லணும். அரைகுறையா வழி சொன்னா நம்ம பேக்கரிக்குத்தான் அவமானம்." நான் இரவெல்லாம் தலையணையிடம் வழி சொல்லிப் பழகினேன். கோயிலுக்கு, ரயிலுக்கு, பல் மருத்துவருக்கு எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஏழு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் அஃப்ரா அம்மா என்னிடம் ஒரு கூடை பிரெட்ஸலைக் கொடுத்து மர மில்லுக்கு அனுப்பினார். மே முதல் தேதி ஊர் நடுவில் நடுகிற மே மரத்தை அங்கேதான் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். பட்டை உரித்து வெள்ளையாக இருந்தது, நீலம் வெள்ளை வரி அன்று பிற்பகல்தான் அடிப்பதாக இருந்தது. வாலிபர் சங்கத் தலைவன் கோர்பினியனும் அவன் ஆட்களும் ஒரு வாரமாக விளக்கும் நாயும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல் இருந்தார்கள். நீங்கள் பட்டணத்துக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டதால் மறந்திருக்கலாம், ஞாபகப்படுத்துகிறேன். மே முதல் தேதிக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரன் மரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அது திருட்டு இல்லை, வீரம். பீரும் பன்றி வறுவலும் கொடுத்துத்தான் மீட்க வேண்டும், வருஷம் முழுக்கத் தலைகுனிந்து நடக்க வேண்டும். ஆனால் மரம் எல்லைக் கல்லைத் தாண்டுவதற்குள் நம் ஊர்க்காரர் ஒருவர், யாராக இருந்தாலும் சரி, அதன்மேல் கையை வைத்து "இது எங்க மரம், இங்கயே இருக்கும்" என்று சொல்லிவிட்டால் போதும், வந்தவர்கள் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும்.

நான் கூடையை இறக்கி வைக்கும்போது பார்த்தேன், கொட்டகையின் பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு முதல் வார்த்தை வரக் கொஞ்சம் நேரமாகும், உங்களுக்குத் தெரியும். "அந்த... பின்..." என்றேன்.

"பிரெட்ஸல் பின்னாலயும் வெந்திருக்குன்னு சொல்ல வர்றா," என்றான் கோர்பினியன். "சரி சரி, தெரியுது. சாயங்காலத்துக்குள்ள மிச்சத்தைச் சொல்லி முடிச்சிருவியா, இல்ல நாங்க மே மாசம் வரைக்கும் உக்காந்திருக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாய் மட்டும் சிரிக்கவில்லை. நான் வெறும் கூடையோடு திரும்பி வந்தேன்.

அதற்கு அப்புறம்தான் அந்தக் கட்டைவிரல்காரர் கடைக்குள் வந்தார். நகரத்துத் தொப்பி, கழுத்தில் கேமரா. ரொட்டியை வெட்டி ஒரு துண்டு தின்றுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வணக்கம், செல்வி. நான் ஹனோவரிலிருந்து வருகிறேன். பழைய மர ஆலைகளைப் படம் பிடிப்பது என் பொழுதுபோக்கு. இவ்வூர் ஆலைக்குச் செல்லும் வழியைக் கூற இயலுமா?"

அத்தை, ஹனோவரில் பேசுகிற ஜெர்மன் அது. வானொலிச் செய்தி நடந்து வந்து கடையில் நிற்பது போல இருந்தது. எனக்கு முதல் வார்த்தை வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பதிலாக என் வாக்கியத்தை முடிக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அடுப்பறையில் ஒரு தட்டு ரொட்டி வெந்து இறங்கியது, அப்போதும் நின்றார். பிறகு எனக்கு வந்தது. என் வாழ்க்கையிலேயே நான் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான், அதனால் முழுவதுமாக எழுதுகிறேன்:

"தேவாலயத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்புங்கள். ஓடையின்மேல் மரப்பாலம் வரும். அதைக் கடந்ததும் இடப்பக்கம் ஆலை. முன்கதவு பூட்டியிருக்கும். பின்பக்கம் செல்லுங்கள். அந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது, தோளால் அழுத்தினால் திறந்துகொள்ளும். பதினொன்றரை மணிக்குச் சென்றால் உங்களை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். அனைவரும் உணவருந்தச் சென்றிருப்பார்கள்."

"இவ்வளவு தெளிவாக எனக்கு எவரும் வழி கூறியதில்லை," என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

வழி சொன்னது சரி, தாழ்ப்பாளை எதற்குச் சொன்னாய் என்கிறார்கள். கதவு வரைக்கும் சொல்லச் சொன்னது யார்? நேரத்தை எதற்குச் சொன்னாய் என்கிறார்கள். அந்த நேரத்தில் காவலை விட்டுவிட்டுப் போனது நானா? ராத்திரி முழுக்க விளக்கு, நாய், சீட்டுக்கட்டு என்று காவல் காத்த வீரர்கள் பகல் பதினொன்றரைக்கு எங்கே இருந்தார்கள்? பீர்க்கடையில். ஏன்? வெள்ளை சாஸேஜ் பன்னிரண்டு மணிக் கோயில் மணியைக் காதால் கேட்கக் கூடாதாம், அதற்குள் வயிற்றுக்குள் போய்விட வேண்டுமாம். மரம் போனாலும் பரவாயில்லை, சாஸேஜ் மணியோசை கேட்டுவிடக் கூடாது. நாயையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், அத்தை. அதற்கும் சாஸேஜ் தோல் வேண்டுமே.

இனிமேல்தான் நடந்த கூத்து. மணி அடிக்கச் சற்று முன்னால் ஒரு டிராக்டர், அதன் பின்னால் நீள வண்டி, அதன்மேல் மரம், கோயில் வளைவில் வந்து சிக்கிக்கொண்டது. மரத்தின்மேல் சாக்குகள், நுனியில் சிவப்புத் துணி. என் ஹனோவர்காரர் முன்னால் நடந்து வந்தார். டிராக்டர் ஓட்டியவன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். தூக்க வந்த மற்றவர்கள் ஓடைக்கரை வழியாக நழுவிவிட்டார்களாம். ஊரே வெளியே வந்துவிட்டது. ஹனோவர்காரர் தொப்பியைக் கழற்றி, "மதிப்பிற்குரிய பெரியோர்களே! எங்கள் அருங்காட்சியகத்திற்காக இம்மரத்தை வாங்கிச் செல்கிறோம். நெடுஞ்சாலைக்குச் செல்லும் வழி எது?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். நல்ல ஜெர்மனில் ஒருவர் வழி கேட்டுவிட்டால் நம் ஊருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் நாக்கில் நூலகம் முளைத்துவிட்டது. தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தாங்கள் நேராகச் செல்லுங்கள், பின்னர் வலமாகச் செல்லுங்கள்" என்றார். பங்குச் சாமியார், "இல்லை இல்லை, இடமாகச் செல்வதே உத்தமம்" என்றார். அஃப்ரா அம்மா மாவுக் கையோடு ஓடிப்போய் நடுத்தெருவில் நின்று, வராத கார்களையெல்லாம் நிறுத்தி, "பின்புறத்தைச் சிறிது உயர்த்துவீர்களாக!" என்று கத்தினார். கோர்பினியன் பீர்க்கடையிலிருந்து உதட்டில் கடுகுச் சாந்தோடு வந்தான். "ஐயா, தாங்கள் சற்று உதவ இயலுமா?" என்று கேட்டதும் அவன் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "நிச்சயமாக! நிச்சயமாக இயலும்!" என்று சொல்லி, சட்டைக் கையை மடித்து, தன் மரத்தைத் தானே தோள்கொடுத்துத் தள்ளி வளைவு தாண்ட வைத்தான். தபால்காரர், சாமியார், அஃப்ரா அம்மா எல்லோரும் மரத்தில் கை வைத்துக் கூடவே தள்ளினார்கள். ஒரு வாரம் கட்டிப்பிடித்துக் காவல் காத்த மரம், அடையாளம் தெரியவில்லை. நாய் மட்டும் மரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. அதை அஃப்ரா அம்மா, "சீ, போ அந்தப் பக்கம்" என்று விரட்டினார்.

நான் கவுண்டரை விட்டு நகரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வண்டி போய்விட்டது. கோயில் மணி அடித்தது. சாமியார் சொன்ன வழிதான் சரி, தபால்காரர் சொன்னது சரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டு கலைந்தார்கள். வர்ணம் அடிக்கப் பிற்பகல் மில்லுக்குப் போனபோதுதான் கோர்பினியன் அலறினான். சாயங்காலத்துக்குள் விஷயம் முழுக்க வந்துவிட்டது. ஹனோவரும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. அந்த ஆள் பக்கத்து ஊர் ஹிர்ஷ்மோஸின் கொல்லர் மகன் செவெரின். ஆறு வருஷம் வடக்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஈஸ்டருக்குத்தான் ஊர் திரும்பியிருக்கிறானாம். அதனால்தான் இங்கே ஒருவருக்கும் முகம் தெரியவில்லை. ஹிர்ஷ்மோஸ் பீர்க்கடையில் அவன் நான் சொன்ன வழியை என் குரலிலேயே சொல்லிக் காட்டினானாம், எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அந்தச் செய்தி இங்கே வந்ததும் கோர்பினியன் நேராகப் பேக்கரிக்கு வந்தான், பின்னால் பாதி ஊர்.

"ஏண்டி, பதினாறு வருஷமா வாயைத் தெறக்காம இருந்துட்டு, தெறந்த அன்னைக்கா ஊரைக் காட்டிக் குடுக்கணும்?" என்றான். "தாழ்ப்பாளைச் சொல்லியிருக்கே. நேரத்தைச் சொல்லியிருக்கே. கையைப் புடிச்சு மரத்துமேல வைக்காததுதான் பாக்கி!"

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கையை... வெச்சது... நீங்கதான்," என்றேன். "எல்லாருந்தான் வெச்சீங்க. ஒருத்தராவது வாயைத் தெறந்தீங்களா?"

தபால்காரர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அதில் இன்னும் பிசின் ஒட்டியிருந்தது. சாமியார் மெல்லக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அப்புறம் அஃப்ரா அம்மாதான், தன் கையிலிருந்த பிசினை ஏப்ரனில் துடைத்தபடியே, ஞாயிற்றுக்கிழமை கோயில் படி, மன்னிப்பு, இல்லாவிட்டால் அடுப்பறை என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று. ஊரே சேர்ந்து தள்ளிய வண்டிக்கு ஒரு ஆள் பொறுப்பு என்றால் வசதிதானே.

அன்றிலிருந்து பையன்கள் சைக்கிளை நிறுத்தி வாசலில் நின்று, "வழிகாட்டிப் பலகையே, கழிவறைக்கு வழி எது?" என்று நல்ல ஜெர்மனில் கேட்கிறார்கள். அம்மா ஒரு வேளை அழுகிறாள், ஒரு வேளை உங்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். அப்பா மட்டும், "அந்தக் கோர்பினியன் பய மரத்தைத் தள்ளுனதை நானும் பார்த்தேன். நல்லாத்தான் தள்ளுனான்," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஆகவே அத்தை, என் முடிவைக் கேளுங்கள். நாளைக்குப் பூசைக்குப் போவேன், படியில் ஏற மாட்டேன். அடுப்பறைக்குப் போகச் சொன்னால் போகிறேன், சூடு எனக்குப் புதிதல்ல. இதை இன்று கடை மூடும்போது அஃப்ரா அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். முதல் வார்த்தை வர நேரமானது, அவரால் வாக்கியத்தை முடித்து வைக்க முடியவில்லை, ஏனென்றால் நான் அப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "நிஜமாத்தான் சொல்றியா?" என்று மட்டும் கேட்டார். ஏப்ரனை மடித்துப் பலகைமேல் வைத்துவிட்டு வந்தேன். கேட்டவருக்கு வழி சொன்னேன், எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான் குற்றமற்றவள். இதற்குமேல் யாராவது வாயைத் திற என்று என்னிடம் சொன்னால், நீங்களாகவே இருந்தாலும், அவர்களுக்கும் தாழ்ப்பாள் வரைக்கும் வழி சொல்லிவிடுவேன்.

உங்கள் முழங்காலுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். மாமாவுக்கும் பூனைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டுகிறேன். மன்னிப்பு மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம், எனக்கு அதில் வேலையில்லை.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படியாத ஞானமகள்
வால்புர்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனம் ஒப்பவில்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். ரொட்டியின் அடியில் அவர் போட்டது சிலுவை. வெட்டுவதற்கு முன்னால் கட்டைவிரலால் சிலுவை போடுகிறவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் காத்து நின்றார், நான் சொன்னேன். அப்புறம், கவுண்டரை விட்டு நகரவில்லை என்று மேலே எழுதியது பொய். வண்டி வளைவு தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை, என்ன இருந்தாலும் நம் ஊர் மரம். பின்வாசல் வழியாக ஓடி, கடைசி வீட்டைத் தாண்டி அதைப் பிடித்து, மரத்தின் அடிமுனையில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்காமல் கூடவே ஓடினேன். "இது எங்க" என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, வாய்க்கு வரவில்லை. எல்லைக் கல் நெருங்கிவிட்டது. அப்போது டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருந்த செவெரின் திரும்பிப் பார்த்தான், டிராக்டர்காரன் தோளில் தட்டினான். வண்டி கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அவன் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஹனோவர் எல்லாம் போய் நம் பேச்சிலேயே சொன்னான்: "கையை வெச்சுட்டே. சொல்லணும்னா சொல்லு. நான் நிக்கிறேன், ஒன்னும் அவசரமில்ல." உண்மையாகவே நின்றான். பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்தது, அப்போதும் நின்றான். ஐந்தே வார்த்தை, முழுசாக எனக்கு வந்துவிட்டது, அத்தை, நாக்கின் நுனியில் இருந்தது. ஊர்ப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மரத்திலிருந்து கையை எடுத்தேன். "இங்கருந்து நேரா போங்க," என்றேன்.